நோபல் பார்க்கில் ஓர் அணுயுக விலங்கு

எழுபதுகளின் முற்பாதியில் மெல்பேர்ன் தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், விளையாட்டு எதுவும் இல்லாத வேளைகளில், நிலையத்தார் பழைய அமெரிக்கப் படங்களைப் போட்டு நேரத்தை நிரப்புவார்கள். அவற்றுள் ஒரு வகைப் படத்தை எங்கள் வீட்டில் எவரும் தவறவிடுவதில்லை. முதலில் பாலைவனத்திலோ வடதுருவத்திலோ அணுகுண்டு ஒன்று வெடிக்கும். அதன் பயனாக எறும்பு லொறியின் அளவுக்கு வளரும், அல்லது பனிக்கட்டிக்குள் உறங்கிக் கிடந்த ஆதிகால விலங்கு கண் விழித்துப் பட்டணத்தை நோக்கி நடக்கும். வெள்ளை அங்கி அணிந்த பேராசிரியர் ஒருவர் அதைக் கொல்லும் வழியைக் கரும்பலகையில் விளக்குவார். அவருக்குத் தாயில்லாத மகள் ஒருத்தி இருப்பாள். இறுதியில் விலங்கு இறக்கும். இராணுவ அதிகாரி மகளை மணப்பார்.

இப்படங்களைப் பற்றி நான் இன்று எழுதுவதற்குக் காரணம், என் மனைவியின் தம்பி. அவன் அக்காலத்தில் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தான். நான் டான்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தேன். அவன் நகரத்தில், ஒரு கட்டடத்தின் நிலவறையில், பொய்ப்பற்கள் செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தான். கொழும்பில் கற்ற தொழில் அது. மெழுகு, சாந்து, கம்பி, இரப்பர் என எதைக் கொடுத்தாலும் அவனுடைய விரல்களுக்குள் அது பணிந்து நிற்கும். முப்பத்தைந்து வயதைக் கடந்தும் திருமணம் செய்துகொள்ளாதவன். பேச்சுக் குறைவு.

ஆனால் அந்தப் படங்கள் ஓடும்போது அவன் வேறு மனிதனாவான். கதிரையைத் தொலைக்காட்சிக்கு இரண்டு முழத் தொலைவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, விலங்கு தோன்றும் வரை பத்திரிகை வாசிப்பான். விலங்கு தோன்றியதும் எங்களை மூச்சுவிடவும் அனுமதிக்கமாட்டான். கதையைப் பற்றி அவனுக்கு அக்கறையில்லை. விலங்கு எப்படி நடக்கிறது என்பதே அவன் பார்வை. இரப்பர் உடைக்குள் ஆள் புகுந்து நடிக்கும் படங்களை அவன் மதிப்பதில்லை. கை நீளமே உள்ள பொம்மை ஒன்றைச் செய்து, ஒரு படம் பிடித்து, அதன் காலை மயிரிழை அளவு நகர்த்தி, மறுபடியும் ஒரு படம் பிடித்து, இவ்வாறு ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படங்கள் என்று கோத்து உயிர் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அம்முறையில் எடுத்த விலங்குகளையே அவன் விலங்குகளாக ஒப்புக்கொண்டான்.

"அத்தான், வாலைப் பாருங்கோ. நிக்கிற நேரத்திலையும் வால் சும்மா நிக்கேல்லை. அந்த மனுசன் வாலையும் மறக்காமல் தள்ளியிருக்கிறான்," என்பான்.

எனக்கு வால் தெரிவதில்லை. நான் பேராசிரியரின் மகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிட விரும்புகிறேன். அணுகுண்டு எங்களுக்குத் திரையில் மட்டும் கண்ட பொருளாக இருக்கவில்லை. இந்நாட்டின் பாலைவனத்திலேயே ஐம்பதுகளில் அது சோதிக்கப்பட்டது. என் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த இயந்திரத்தில் நின்றவர், இளமையில் படைவீரராக அங்கே இருந்தவர். வெடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி, கண்களைக் கைகளால் பொத்திக்கொண்டு நிற்குமாறு கட்டளையிட்டார்களாம். பூதாகரமான எறும்பு எதையேனும் கண்டீரா என்று நான் ஒருமுறை வேடிக்கையாகக் கேட்டேன். ஈக்களைத்தான் கண்டேன், அவை வழக்கமான அளவிலேயே இருந்தன என்றார். பிறகு தன் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பின் அக்கேள்வியை நான் எவரிடமும் கேட்டதில்லை.

தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறப்போகிறது என்ற பேச்சு எங்கும் பரவிய காலத்தில், ரிச்மண்டில் இருந்த சிறிய விளம்பரப்பட நிலையம் ஒன்று பொம்மைகளை அசைத்துப் படம் எடுப்பதற்கு ஓர் ஆளைத் தேடியது. பிஸ்கட்டுகள் அணிவகுத்து நடப்பதும், வெண்ணெய்க் கிண்ணம் தன் மூடியைத் தானே திறந்து வணக்கம் சொல்வதும் அவர்களுடைய உற்பத்தி. மெல்பேர்னில் அத்தொழிலைச் செய்தவர்கள் அவர்கள் மட்டுமே, தேவைப்பட்டதும் ஒருவரே. மைத்துனன் போய்க் கேட்டான். சான்றிதழ் தேவையில்லை, நீரே அசைத்து எடுத்த வண்ணப்படம் ஒன்றைக் கொண்டுவாரும், அரை நிமிடம் போதும், குறித்த செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும் என்று நிலைய உரிமையாளர் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை உணவு வேளையில் அவன் எங்களிடம் கூறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"உது கிடைக்காட்டி நான் இனி ஒண்டும் கேக்கமாட்டன் அக்கா. பல்லோடையே கிடக்கிறன். நீ பாக்கிற பொம்பிளையையும் கட்டிறன்."

"கிடைச்சால்?" என்றாள் என் மனைவி.

"கிடைச்சாலும் கட்டுவன். ஆனால் சிரிச்சுக்கொண்டு கட்டுவன்."

விலங்கு எங்கள் வீட்டிலேயே பிறந்தது. அதன் எலும்புக்கூட்டுக்கு வேண்டிய உருக்குக் குண்டுகளையும் மூட்டுகளையும் நான் என் இடைவேளைகளில் கடைந்து கொடுத்தேன். பற்களைச் சொல்லவேண்டியதில்லை, அவ்வளவு நேர்த்தியான பற்கள் எந்த ஆதிவிலங்குக்கும் வாய்த்திருக்கமாட்டா. இரப்பர் நுரையால் ஆன சதையை வேகவைக்க வேண்டியிருந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. என் மனைவி கேக் சுடும் அடுப்பைத் தவிர வேறு அடுப்பு இல்லை. குசினி முழுவதும் கந்தக நாற்றம் பரவியது. அதன் பின் இரண்டு மாதங்களுக்கு எங்கள் வீட்டுக் கேக்கில் லேசாக டயர் மணந்தது. சாம்பல் கலந்த பச்சைத் தோலும், முதலைக்கும் உடும்புக்கும் இடைப்பட்ட முகமும் கொண்ட அவ்விலங்கை என் மனைவி, ஓணானைச் சொல்வதுபோல், "ஓந்தி" என்றே அழைத்தாள்.

கராஜிலிருந்து காரை வெளியேற்றிவிட்டு, நடுவில் ஒரு பலகை மேசை போட்டு, அதன்மேல் தீப்பெட்டிகளாலும் காலையுணவு அட்டைப்பெட்டிகளாலும் ஒரு பட்டணமும், சாந்தால் ஒரு கோபுரமும் எழுப்பினான். ஆய்வுகூடத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு, பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு, வெப்ப விளக்குகளின் கீழ் வியர்வை சொட்ட வேலை செய்தான். பற்களின் இடைவெளியை அளக்கும் சிறு காலிப்பர் ஒன்று எப்போதும் அவன் கையில் இருக்கும். காலை நகர்த்துமுன் அளப்பான், நகர்த்தியபின் அளப்பான், ஒவ்வொரு நகர்வும் முந்தியதற்குச் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பான், பிறகு விலகி நின்று கமராவின் விசையை ஒருமுறை அழுத்துவான். ஒரு நாள் உழைப்பு மூன்று நான்கு விநாடிப் படமாகும். கதவில் "தொடவேண்டாம்" என்று எழுதி மாட்டியிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் படச்சுருளைக் கழுவக் கொடுத்தால்தான் செவ்வாய்க்கிழமைக்குக் கிடைக்கும். வியாழக்கிழமை முற்பகலில், விலங்கு ஒரு காலைத் தூக்கியபடி பட்டணத்தின் நடுவில் நின்ற வேளையில், விளக்கு ஒன்று வெடித்துவிட்டது. மாற்று விளக்கு வாங்க அவன் ரயிலேறி டான்டினோங் போனான்.

அந்த வியாழக்கிழமை ஆயுத பூசை. அக்காலத்தில் மெல்பேர்னில் எங்களுக்குக் கோயில் எதுவும் இருக்கவில்லை. வீட்டுத் துணி அலுமாரியின் மேல்தட்டே சாமியறை. அவலும் கடலையும் படைத்துத் தேவாரம் பாடியபின், என் மனைவி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். தையல் இயந்திரம், கத்தரிக்கோல், பிள்ளைகளின் புத்தகங்கள், என் ஸ்பானர்கள், புல்வெட்டி, வெளியே நின்ற கார். அதன் பின் கராஜுக்குள் போனாள். எனக்குத் தொழிற்சாலையில் பிற்பகல் முறை. குசினியில் சுண்டலுக்குத் தேங்காய்த் தூளை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

அவன் திரும்பி வந்து கராஜுக்குள் நுழைந்தான். புது விளக்கைப் பொருத்தி எரியவிட்டான். பிறகு அழைத்தான்.

"அக்கா! இதுக்கு ஆர் பொட்டு வைச்சது?"

"நான்தான் வைச்சனான். ஏன்?"

"தொடவேண்டாம் எண்டு எழுதிப் போட்டிருக்கு. கண் தெரியேல்லையோ?"

"அது பிள்ளையளுக்கு எண்டெல்லோ நினைச்சன். புல்லு வெட்டிற மிசினுக்கு வைச்சன், கமராவுக்கு வைச்சன். உன்ர ஓந்திக்கு மட்டும் வைக்காமல் விட்டால் நல்லாவோ இருக்கும்?"

"உது ஆயுதமே அக்கா?"

"பின்னை என்ன? உதை வைச்சுத்தானே வேலை கேக்கப் போறாய்? வேலைக்குப் பாவிக்கிறதெல்லாம் ஆயுதம்தான்."

நான் போய்ப் பார்த்தபோது விலங்கின் நெற்றியில் சந்தனமும், அதன்மேல் குங்குமமும் மிகவும் திருத்தமாக இடப்பட்டிருந்தன. உருவத்துக்கு அது பொருந்தியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். மைத்துனன் அதைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலையைத் தூக்கினனீயோ?" என்றான்.

"நாடியிலை பிடிக்காமல் எப்படிப் பொட்டு வைக்கிறது? அது குனிஞ்சுகொண்டெல்லோ நிண்டது."

அதுவே உண்மையான சேதம். ஒரு வாரமாக மயிரிழை மயிரிழையாக நகர்ந்து வந்த தலை, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல் நாடியில் பிடிக்கப்பட்டு நிமிர்ந்துவிட்டது. பழைய நிலை எது என்பது இனி எவருக்கும் தெரியாது. அவன் ஈரத்துணியை எடுத்து நெற்றியைத் துடைத்தான். சந்தனம் போயிற்று. குங்குமம் நுரைக்குள் ஊறிச் சிவந்த தழும்பாகப் பரவியது.

"ஐயோ, இண்டைக்கு அழிக்காதை! நாளைக்கு விசயதசமி. விடியத் தொட்டு வேலையைத் தொடங்கு. நல்ல நாள்."

"விடியக் குடுக்கவேணும் அக்கா! விடியத் தொடங்கி என்னத்தைக் குடுக்கிறது?"

"அம்மன்ர பேரைச் சொல்லி வைச்ச பொட்டு. அது காவல்."

"அணுகுண்டிலை பிறந்ததுக்கு அம்மன் காவலோ?"

"ஆருக்கும் காவல் வேணும். இஞ்சருங்கோ, உவனுக்குச் சொல்லுங்கோ!"

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாக நான் கூறினேன். அவ்விருவரும் அன்று ஒருமனதாகச் செய்த ஒரே காரியம் என்னை முறைத்துப் பார்த்ததுதான்.

"கறுப்பு வெள்ளை எண்டால் தப்பியிருப்பன்," என்று சொல்லி அவன் கதவைச் சாத்திக்கொண்டான். பூசையன்று ஆயுதத்தைத் தொடுகிறான் என்று என் மனைவி குசினிக்குள் அழுதாள். நான் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன்.

அன்று பகல் அவன் என்ன செய்தான் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தலையின் நிலையைச் சரிசெய்ய வழியில்லாததால், அந்தத் தலையை அப்படியே மேலும் நிமிர்த்தி, முன்னால் நின்ற கோபுரத்தில் ஓங்கி மோதவிட்டிருக்கிறான். சாந்து தூளாகி எங்கும் கொட்டியது. தூசிக்குள்ளிருந்து விலங்கு நெற்றியில் சிவந்த காயத்தோடு வெளிப்பட்டது. காலிப்பரை அவன் தொடவில்லை. அளப்பதற்குப் பொறுமையுமில்லை, நேரமுமில்லை. கைபோன போக்கில் தள்ளித் தள்ளிப் பட்டணத்தின் எஞ்சிய பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு, பொழுது சாயுமுன் சுருளைக் கழற்றிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை அவனை நான்தான் காரில் ரிச்மண்டுக்கு அழைத்துச் சென்றேன். நிலையம் முன்னொரு காலத்தில் பாண் சுடும் பேக்கரியாக இருந்ததாம். உரிமையாளர், போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய முதியவர். கையால் சுழற்றிப் பார்க்கும் சிறு கருவியில் படத்தை இட்டு ஒருமுறை ஓட்டினார். பின்னோக்கிச் சுழற்றினார். மறுபடியும் ஓட்டினார். விலங்கு கோபுரத்தில் மோதும் இடத்தில் நிறுத்தி, இங்கே உமக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

மைத்துனன் என்னைப் பார்த்தான். எனக்கு ஆங்கிலத்தில் ஆயுத பூசையை விளக்கும் வல்லமை இருக்கவில்லை. வீட்டில் ஒரு சிறு வாக்குவாதம் என்று மட்டும் சொன்னேன்.

முதியவர் தலையசைத்தார். முதற்பாதி மிகவும் சுத்தமான வேலை, ஆனால் அதில் நடப்பது ஒரு பொம்மை என்றார். பிற்பாதியில் தவறுகள் மலிந்திருக்கின்றன, ஓரிடத்தில் உம்முடைய சட்டைக் கையும் தெரிகிறது, ஆனால் நடப்பது ஒரு விலங்கு என்றார். முதற்பாதியைச் செய்த ஆளை நான் எடுக்கமாட்டேன், இரண்டாவது ஆளை எடுப்பேன். அந்த ஆள் தற்செயலாக வந்துபோனவரா, அழைத்தால் வருபவரா என்று தெரிய வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு துண்டு கொண்டுவாரும், பத்து விநாடி போதும் என்று முடித்தார். நெற்றிச் சிவப்பைப் பற்றிக் கேட்டார். இரத்தம் என்றான் மைத்துனன். நல்ல இரத்தம் என்றார்.

திரும்பி வரும் வழியில் ஸ்பிரிங்வேல் வரையில் அவன் படச்சுருளை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "அத்தான், கோவம் வந்தால்தான் வேலை சரிவரும் எண்டால், கோவத்துக்கு நான் எங்கை போறது?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போனான்.

"அக்கா, என்னோடை கொஞ்சம் சண்டை பிடி."

"என்னடா?"

"வேலைக்குத் தேவைப்படுது."

"எனக்கு இப்ப கோவம் இல்லை. உந்த வெங்காயத்தை உரிச்சுத் தா, பிறகு பாப்பம்."

"வெங்காயத்தைப் பிறகு உரிப்பம். ஏதாவது சொல்லு."

அவள் கத்தியை வைத்துவிட்டு நேர்மையாகவே முயன்றாள். "உன்ர வயசிலை உவருக்கு ரெண்டு பிள்ளையள்."

"அது தெரியும்."

"நீ வைக்கிற ரசம் மாட்டுக்கும் ஆகாது."

"அதுவும் தெரியும் அக்கா."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்; வெங்காயத்தால் வந்ததென்று சொன்னான். மறுநாள் கராஜுக்குள் போய் அரைநாள் நின்றுவிட்டு, ஒரு படமும் பிடிக்காமல் வெளியே வந்தான்.

அதன் பின் அவன் செய்தது எனக்கு வியப்பளித்தது. படச்சுருளை எடுத்து, குசினி ஜன்னலின் வெளிச்சத்தில் பிடித்து, பற்களைச் சோதிக்கும் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கத் தொடங்கினான். அதே காலிப்பரால் கட்டத்துக்குக் கட்டம் அளந்தான். இரண்டு நாட்கள் இவ்வாறு கழிந்தன. மூன்றாம் நாள் காலை நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றான்.

"அத்தான், ஒருக்கால் கதிரையாலை எழும்புங்கோ."

எழும்பினேன்.

"திருப்பி இருங்கோ. இப்ப மெல்ல எழும்புங்கோ. பாருங்கோ, முதல்லை நீங்கள் முன்னுக்குச் சாயிறியள். கொஞ்சம்தான். பிறகு டக்கெண்டு எழும்பிறியள். மேலை வந்த பிறகு திருப்பியும் கொஞ்சம் ஆடித்தான் நிக்கிறியள். நான் உங்களை எழுப்பியிருந்தால் ஒரே அளவிலை லிப்ட் மாதிரி ஏத்தியிருப்பன்."

அவன் கண்டறிந்தது அதுதான். பொய்ப்பல்லில் ஒவ்வோர் இடைவெளியும் சமமாக இருக்கவேண்டும். அந்தப் பழக்கத்தில் விலங்கையும் அவன் சம அளவில் நகர்த்தியிருக்கிறான். உடலில் பாரம் உள்ள எதுவும் அப்படி அசைவதில்லை. தயங்கித் தொடங்கும், நடுவில் விரையும், முடிவில் தளர்ந்து அமரும். கோபத்தில் இருந்த கை அதை அறியாமலே செய்திருக்கிறது. அறிந்து செய்வதற்குக் கோபம் வேண்டியதில்லை. ஒவ்வொரு நகர்வும் எவ்வளவு சமமற்றதாக இருக்கவேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். என்னை அன்று அவன் பலமுறை எழுப்பி இருத்தினான். தேநீர் ஆறிப்போயிற்று.

இரண்டாவது படத்தில் பட்டணம் இல்லை, கோபுரம் இல்லை. நெற்றியில் சிவந்த தழும்புள்ள அவ்விலங்கு படுத்துக் கிடக்கிறது. எதையோ கேட்டதுபோல் தலையைத் திருப்புகிறது. முன்கால்களை ஊன்றி எழுந்து நிற்கிறது. அவ்வளவே. நிலையத்தில் அதைத் திரையிட்டபோது, எழுவதற்குச் சற்று முன் அதன் விலாப்புறம் ஒருமுறை விரிந்து சுருங்கியதை நானும் கண்டேன். அவன் கூறாமலே நான் கண்ட முதல் அசைவு அது. முதியவர், தொலைபேசியில் சொல்கிறேன் என்று படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

சில நாட்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகலில் தொலைபேசி ஒலித்தது. மைத்துனன் எடுத்தான். யெஸ் என்பதைத் தவிர வேறு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. வைத்துவிட்டுத் திரும்பினான்.

"வரட்டாம். திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு. பிஸ்கட்டுக்குக் கால் வைக்கவேணுமாம்."

என் மனைவி ஓடிவந்து அவனுடைய தலையைத் தடவினாள். அடுத்த கணமே சுவரில் தொங்கிய யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கலண்டரிடம் போனாள்.

"திங்கள் ஏழரையிலையிருந்து ஒம்பது வரைக்கும் ராகுகாலம். ஏழரைக்கு முன்னம் வெளிக்கிட்டிடு. அங்கை போய் நிண்டாலும் பரவாயில்லை."

அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்த நேரம். மெல்பேர்ன் சூரியனுக்கு அது பொருந்துமா என்பதை எங்களில் எவரும் எழுப்பவில்லை. சண்டைக்கு நல்ல வாய்ப்பு ஒன்று தானாக வந்திருந்தும் மைத்துனன் அதைப் பயன்படுத்தவில்லை.

"ஓம் அக்கா," என்றான்.

திங்கட்கிழமை ஏழு மணி ரயிலில் போனான். நிலையம் பூட்டியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்ததால், கதவோடு ஒட்டியபடி மதிய உணவுப் பெட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறான். ஒன்பது மணிக்குச் சாவியோடு வந்த முதியவர், நனைந்து நின்றவனைப் பார்த்து, எப்போது வந்தீர் என்று கேட்டாராம். இப்போதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனதாக அன்று மாலை என்னிடம் கூறினான்.